குழாயின் மறுமுனை

புவெர்த்தோ மோன்த்
ஜூன் 8, 2008

அன்புள்ள சுனில்தா,

நீயும் உன் மாமியார் எர்மெலிந்தா அத்தையும் சளி, காய்ச்சல் ஏதுமின்றி, அடுப்புக்குக் காய்ந்த விறகோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். இங்கே மழை நிற்கவே இல்லை.

மத்தியான வானொலிச் செய்தி உனக்குக் கேட்டிருக்கும். "அப்பியாவோ தீவு சுனில்தா பார்ரியாவுக்கு அக்கா ஒத்திலியா தெரிவிப்பது: எலாதியோ உயிரோடு இருக்கிறான், என் வார்டில் இருக்கிறான், விவரம் கடிதத்தில்." வானொலியில் அதற்கு மேல் சொன்னால் சுற்றியுள்ள தீவுகள் எல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து பேசும். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

உன் புருஷன் நிறையக் கடல்நீரை உள்ளே இழுத்துவிட்டான். நுரையீரல் இரண்டும் நனைந்த பஞ்சு மாதிரி இருக்கின்றன. அதனால் வாய் வழியாகக் குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாயில் ஒரு குழாய் இறக்கியிருக்கிறோம். அதன் நுனியைச் சுற்றி ஒரு சின்ன பலூன், காற்று பக்கவாட்டில் கசியாமல் இருப்பதற்கு. குழாயின் இந்தப் பக்கம் வென்டிலேட்டர். நாம் மூச்சை இழுக்கிறோம், வென்டிலேட்டர் தள்ளுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம். மருந்து கொடுத்து ஆழ்ந்த தூக்கத்தில் வைத்திருக்கிறோம். வலி தெரியாது.

நம் சித்தப்பா என் வேலையைக் 'கை கால் பிடித்துவிடுகிற வேலை' என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்: இந்த நாட்டில் பிசியோதெரபிஸ்ட் என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சும் அவள் கையில்தான். டாக்டர் உத்தரவு எழுதுவார், நர்ஸ் மருந்து கொடுப்பாள். குழாய், காற்று, சளி, விலா, கடைசியில் கால், இவை எல்லாம் என் பொறுப்பு. டாக்டர் உர்சூவா கூப்பிட்டுக் கேட்டார்.

"உன் தங்கச்சி புருஷனாமே. வால்தெமார்கிட்ட விட்டுடறியா?"

"வால்தெமார் நல்லா பார்ப்பான், டாக்டர். நான் இன்னும் நல்லா பார்ப்பேன்."

வால்தெமார் என்னோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட். டாக்டர் என் பேரையே எழுதிக்கொண்டார்.

மழையும் காற்றும் என்று துறைமுகத்தை மூடிவிட்டார்கள், அதனால் இப்போது கிளம்ப வேண்டாம். ஒன்று மட்டும் எழுது. எத்தனையோ வருஷமாக அவன் சிப்பி எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கும்போது, படகில் அவனுக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரெசர் பக்கத்தில் நின்று காற்றுக் குழாயைப் பிடிப்பவள் நீதானே. அன்றைக்கு ஏன் நீ படகில் இல்லை?

உன்னை அணைத்துக்கொள்ளும்
அக்கா ஒத்திலியா

*

அப்பியாவோ
ஜூன் 15, 2008

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. உன் சுகத்தை அறிந்து மகிழ்ந்தேன். நாங்கள் சுகம். உருளைக்கிழங்கு கொட்டகையில் எலி வந்துவிட்டது, மற்றபடி குறை இல்லை.

அத்தை அவருடைய மகனுக்கு நினைவு திரும்புமா என்று கேட்கச் சொன்னார்.

எனக்குத் தெரிய வேண்டியது இது. அந்த மெஷின் எதில் ஓடுகிறது? மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள்? குழாய் மடங்கினால் மெஷின் அதைக் கண்டுபிடிக்குமா, இல்லை ஆள் பார்க்க வேண்டுமா? அது தள்ளுகிற காற்று எங்கிருந்து வருகிறது, சுத்தமான காற்றா? பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் இருக்கிறாரா, அல்லது சாப்பிடப் போய்விடுகிறார்களா?

தபால் விசைப்படகு புறப்படப்போகிறது. மிச்சம் பிறகு.

தங்கை
சுனில்தா

*

புவெர்த்தோ மோன்த்
ஜூன் 22, 2008

அன்புள்ள சுனில்தா,

எலியைத் தவிர எல்லாரும் சுகம் என்பதில் சந்தோஷம். எனக்கு முதுகு கொஞ்சம் பிடித்திருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

வென்டிலேட்டரை விலைக்கு வாங்கப்போகிறவள் மாதிரி கேட்டிருக்கிறாய். சரி, விற்பவள் மாதிரியே பதில் சொல்கிறேன். சுவரில் மின்சாரம், உள்ளே பேட்டரி, ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர். மூன்றும் போனால் கட்டிலின் தலைமாட்டில் ஒரு ரப்பர் பை தொங்குகிறது, அதைக் கையால் அமுக்குவோம். காற்றும் ஆக்சிஜனும் சுவர்க் குழாயில் வருகின்றன, வடிகட்டி, ஈரப்படுத்தி, சூடாக்கி. குழாய் மடங்கினாலோ சளி அடைத்தாலோ அவன் இருமினாலோ உள்ளே அழுத்தம் ஏறும், மெஷின் கத்தும். குழாய் கழன்றால் அழுத்தம் இறங்கும், அப்போதும் கத்தும். ஆனால் என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்வது: "சத்தம் கேட்டா திரையைப் பார்க்காத. முதல்ல ஆளைப் பாரு. நெஞ்சு ஏறுதா? உதடு என்ன நிறம்? அதுக்கப்புறம் மெஷினைப் பாரு." சாப்பாட்டுக்கு முறை வைத்துத்தான் போகிறோம்.

இன்னொன்று, நீ கேட்காதது. காயப்பட்ட நுரையீரலில் பெரும்பகுதி மூடிக்கிடக்கிறது. திறந்திருக்கும் கொஞ்ச இடம் ஒரு குழந்தையின் நுரையீரல் அளவுதான். அதற்குள் பெரியவனுக்கான மூச்சைத் தள்ளினால் கிழியும். அதனால் சின்னச் சின்ன மூச்சாகத் தருகிறோம். வெளிமூச்சின் முடிவிலும் கொஞ்சம் அழுத்தத்தை உள்ளேயே நிறுத்திவைக்கிறோம், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு. அதுவும் போதாமல் அவனைக் குப்புறப் படுக்கவைத்தோம். முதுகுப் பக்க நுரையீரல் திறந்துகொண்டது, ஆக்சிஜன் ஏறியது. கடலடியில் சிப்பி எடுக்கிறவன் உடம்பு அல்லவா, ஒரு படகைப் புரட்டுகிற மாதிரி ஐந்து பேர் புரட்டினோம். என் முதுகு போனது அதில்தான்.

இப்போது தூக்க மருந்தைக் குறைத்துவருகிறோம். அவனுக்கு நீ ஏதாவது எழுது, நான் காதருகில் படிக்கிறேன். தெரிந்த குரலில் தெரிந்த பேர் கேட்டால் சீக்கிரம் விழிப்பார்கள். நானே தினமும் சொல்கிறேன்: "எலாதியோ, சுனில்தா கேக்கறா, எப்படி இருக்கே?" என்று.

என் கேள்விக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை.

அன்புடன்
ஒத்திலியா

*

அப்பியாவோ
ஜூன் 30, 2008

அன்புள்ள அக்கா,

உன் முதுகு தேவலையா? நம் அம்மா செய்வது போல் சூடு பண்ணிய உப்பை மூட்டை கட்டி வை. இங்கே நாங்கள் சுகம்.

இத்துடன் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புகிறேன். அத்தை பின்னியது. தண்ணீரில் இறங்கி இறங்கி அவர் மகனுக்குக் கால் எப்போதும் சில்லிட்டே இருக்கும், அதனால் போட்டுவிடவும்.

ஆளைப் புரட்டும்போது வாயில் இருக்கிற குழாயை யார் பிடிக்கிறார்கள்? அதை மட்டும் பிடிப்பதற்கென்று ஒரு ஆள் உண்டா, இல்லை தலையைப் பிடிக்கிறவரே அதையும் பிடிக்கிறாரா? முன்னதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் எழுத ஒன்றும் இல்லை. என் கடிதங்களை அங்கே யாருக்கும் படித்துக்காட்ட வேண்டாம்.

தங்கை
சுனில்தா

*

புவெர்த்தோ மோன்த்
ஜூலை 9, 2008

அன்புள்ள சுனில்தா,

உப்பு மூட்டை கேட்டது. அத்தைக்கு என் வணக்கம், காலுறை அவன் காலில் இருக்கிறது. அத்தைக்குக் கண் மங்கி வருஷமாகிறது என்று நினைத்தேன், பின்னல் ஒரு கண்ணி தப்பாமல் இருக்கிறது. நல்ல கண் டாக்டர் போலிருக்கிறது.

குழாய்க்குத் தனி ஆள் உண்டு. அந்த ஆள் நான். நீ சொன்னதுதான் சரி.

இப்போது பெரிய செய்தி. எலாதியோவை உட்காரவைத்தேன். வாயில் குழாயோடு, மெஷின் ஓடிக்கொண்டிருக்க, கட்டில் விளிம்பில், காலைத் தொங்கப்போட்டு.

டாக்டர் உர்சூவா கதவருகே நின்றுவிட்டார்.

"தொண்டைல குழாயோட உக்கார வைக்கப்போறியா?"

"குழாய் தொண்டைல இருக்கு, டாக்டர். உக்கார்றது இடுப்பு."

நர்ஸ் இங்க்ரித் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"குழாய் வெளிய வந்துச்சுன்னா?"

"அதுக்குத்தான் நான் குழாய் பக்கம் நிக்கறேன். கால் பக்கம் வால்தெமார். மருந்து டியூப் இங்க்ரித். ஆக்சிஜன் பாதிக்கும் கீழதான் வேணும்ங்குது, அழுத்தம் குறைச்சாச்சு, ரத்த அழுத்தம் நிலையா இருக்கு. ஆளு கையைக் குடுன்னா குடுக்கறான். இன்னும் எதுக்குக் காத்திருக்கணும்?"

"எனக்கு என்ன வேலை?"

"நீங்க திரையைப் பாருங்க."

"என் வார்டுலயே எனக்கு வேலை குடுக்கறா," என்றார். ஆனால் பார்த்தார்.

படுத்த படுக்கையில் கால் சதை கரைவது எல்லாருக்கும் தெரியும். மூச்சுத் தசையும் அப்படித்தான் கரைகிறது, இன்னும் வேகமாக. மெஷினே எல்லா மூச்சையும் தள்ளினால் உதரவிதானம் வேலையை மறந்துவிடும். அதனால்தான் அவசரப்படுகிறேன். எலாதியோவின் தலை முதலில் துவண்டது, பிறகு தானே தூக்கினான். ஜன்னல் வழியே துறைமுகம் தெரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்தான். மூச்சு ஏறிற்று, இறங்கிற்று, ஆக்சிஜன் ஒரு புள்ளி குறையவில்லை.

அந்தத் தெம்பில் மறுநாள் பரீட்சை வைத்தோம். மெஷினின் உதவியை மிகக் குறைத்து, அவனே இழுக்கட்டும் என்று விட்டோம். பாஸாகிவிடுவான் என்று வால்தெமாரிடம் இறைச்சி வைத்த எம்பனாதா அப்பம் ஒன்றைப் பந்தயம் கட்டியிருந்தேன். முதலில் நன்றாகத்தான் இருந்தான். பிறகு மூச்சு மேலோட்டமாக, வேகமாக வந்தது. கழுத்துத் தசைகள் கயிறாகப் புடைத்தன, நெற்றி வியர்த்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று இங்க்ரித் சொன்னாள். நான் நிறுத்தி மெஷினைக் கொடுத்துவிட்டேன். தசை முழுக்கக் களைக்கவிட்டால் தேற நாளாகும். எம்பனாதா போனது. அடுத்த வாரம் வாய்க்குழாயை எடுத்துவிட்டுக் கழுத்தில் சின்னத் துளை போட்டு அதன் வழியே மெஷினை இணைப்பார்கள். பயப்படாதே. அது பின்னடைவு இல்லை. வாய் விடுபடும், ஆள் நடமாடலாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கலாம். அவன் மெஷினைவிட்டு வருவான். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, பார்த்த வரையில் சொல்கிறேன்.

அன்புடன்
ஒத்திலியா

*

புவெர்த்தோ மோன்த்
ஆகஸ்ட் 8, 2008

சுனில்தா,

உனக்கு உடம்புக்கு ஏதும் இல்லையே? ஒரு மாதமாக ஒரு வரி இல்லை. துறைமுகம் திறந்திருக்கிறது, விசைப்படகுகள் ஓடுகின்றன என்று வானொலி சொல்கிறது. அப்பியாவோவிலிருந்து பூண்டு விற்க வந்த பெண்ணிடம் விசாரித்தேன், நீ ஆடு மேய்த்துக்கொண்டு நன்றாக இருப்பதாகச் சொன்னாள். அப்படியென்றால் எனக்குக் கோபம் வரலாம் அல்லவா?

கழுத்துத் துளை நல்லபடி ஆயிற்று. எலாதியோ எழுந்து நிற்கிறான். பகலில் கொஞ்ச நேரம் மெஷின் இல்லாமல் மூச்சு விடுகிறான், களைப்புக்கு முன்பே மாட்டிவிடுகிறோம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எங்கள் கையைப் பிடித்து நடக்கிறான். காற்று குரல்நாண்களுக்குக் கீழேயே போய்வருவதால் குரல் மட்டும் இன்னும் இல்லை. எழுத்துகள் எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்திருக்கிறோம், தொட்டுத் தொட்டுப் பேசுவான். முதலில் கேட்டது மாத்தே தேநீர். குடிக்க முடியாது என்றதும் என்னை முறைத்தான்.

நேற்று, "சுனில்தாவ வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டான். களைப்பு என்று விட்டேன். ஆனால் களைத்த ஆள் அப்படிக் கவிழ்ப்பதில்லை.

எழுது.
ஒத்திலியா

*

அப்பியாவோ
ஆகஸ்ட் 19, 2008

அன்புள்ள அக்கா,

கோபம் தணிந்து சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சுகம். ஆடுகள் குட்டி போடத் தொடங்கிவிட்டன. ஒன்று தலைகீழாக வந்தது, கையை விட்டுத் திருப்பி எடுத்தேன். பிழைத்துக்கொண்டது.

வீட்டில் நான் மட்டும்தான். அத்தை போன ஞாயிறு தல்காவேயில் பெரிய மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார். மாத முடிவில் வருவார்.

மெஷினை முழுக்க எடுத்த பிறகு அந்த நுரையீரல் பழையபடி ஆகுமா? மறுபடியும் தண்ணீரில் இறங்க முடியுமா? முடியாது என்றால் அதை அவரிடம் யார் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள்? துளையை மூடிய பிறகு குரல் பழைய குரலாகவே இருக்குமா?

அத்தை கேட்கச் சொன்னார்.

தங்கை
சுனில்தா

*

புவெர்த்தோ மோன்த்
செப்டம்பர் 1, 2008

சுனில்தா,

நான் சுகம். நீ சுகமா என்பதை உன் அடுத்த கடிதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தல்காவேயில் இருக்கிற அத்தை அப்பியாவோவில் இருக்கிற உன்னிடம் எப்படிக் கேட்டார்? கத்திக் கூப்பிட்டாரா?

எலாதியோ பேசிவிட்டான். கழுத்துக் குழாயின் பலூனைக் காற்றிறக்கி, அந்தக் குழாயின் வாயில் ஒருவழி அடைப்பானைப் பொருத்தினேன். மூச்சு கழுத்து வழியாக உள்ளே வரும், வெளியே போகும்போது தொண்டை வழியாகத்தான் போயாக வேண்டும். முதலில் பயந்துபோய் என் கையைப் பிடித்தான். பிறகு பழகிக்கொண்டான்.

"உன் பேரைச் சொல்லு."

"உனக்குத் தெரியாதா?" என்றான். துருப்பிடித்த கீல் மாதிரி குரல். இங்க்ரித் கை தட்டினாள். அவள் போகும்வரை காத்திருந்து அவன் சொன்னான்:

"ஒத்திலியா, தினம் என் காதுல சுனில்தா கேக்கறா, சுனில்தா கேக்கறான்னு சொன்னே. அவ கேக்கல. எனக்குத் தெரியும்."

"என்ன உளர்றே?"

"மார்ச்லயே என் துணியெல்லாம் சாக்குல கட்டி இறங்குதுறைல வெச்சுட்டா. நான் அண்ணன் வீட்டுல இருந்தேன்."

"எதுக்கு?"

"கம்ப்ரெசர் பெல்ட். நழுவுது, மாத்துன்னா. மாத்தாம இறங்கினா குழாய் பிடிக்க மாட்டேன்னா. நான் வேற ஆள் பிடிச்சுக்கறேன்னேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அப்ப சமையலும் அந்த ஆளே பண்ணட்டும்னா."

"பெல்ட்ட மாத்தினியா?"

"இல்ல."

"அன்னைக்கு மேல படகுல யாரு?"

"தாரியோ. என் சித்தப்பா மகன். நல்ல பையன். கம்ப்ரெசர் நின்னுடுச்சு, மறுபடி ஓட்டத் தெரியல."

பிறகு அடைப்பானை எடுக்கச் சொல்லிக் கை காட்டினான். எடுத்தேன். குரல் போய்விட்டது.

நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவன் உன் புருஷன் இல்லை, யாரோ ஒருவன் என்றிருந்தாலும் இதே வேலையை இதே மாதிரிதான் செய்திருப்பேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீ வீட்டைவிட்டு அனுப்பியவன் காதில் மூன்று மாதமாக உன் பேரை ஓதியிருக்கிறேன். என்னை இப்படி நிறுத்திவைத்ததற்கு எனக்கு ஒரு காரணம் வேண்டும். கண் தெரியாத அத்தை பின்னிய காலுறைக்கும் சேர்த்து.

ஒத்திலியா

*

அப்பியாவோ
செப்டம்பர் 12, 2008

அன்புள்ள அக்கா,

நீ சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகமாகத்தான் இருக்கிறேன், சொல்லாமல் வைத்திருந்தது மட்டும்தான் தொந்தரவு.

காலுறை நான் பின்னியது.

அவர் சொன்னதெல்லாம் உண்மை. சாக்கைக் கட்டியதற்கு நான் வருத்தப்படவில்லை. அந்த பெல்ட்டோடு இறங்குகிற ஆளுக்கு இன்றைக்கும் அதே சாக்கைத்தான் கட்டுவேன். கட்டிய அன்று அத்தையும் பக்கத்தில் நின்றார். "அவன் அப்பாவும் இப்படித்தான். கயிறு நல்லா இருக்கு, இறுக்கிக் கட்டு," என்றார். மகன் போனார், அத்தை என்னோடு இருந்துவிட்டார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் படகில் இல்லை, ஆனால் கரையில் இருந்தேன். நீர் வடிந்திருந்தது, சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் படகு விரிகுடா வாயில் நின்றது. அந்தக் கம்ப்ரெசர் சத்தம் எனக்கு என் மூச்சுச் சத்தம் மாதிரி. அது நின்றது. உடனே யாரும் மறுபடி ஓட்டவில்லை. கூடையைப் போட்டுவிட்டு நம் துடுப்புப் படகைத் தள்ளிக்கொண்டு போனேன். நான் போய்ச் சேரும்போது தாரியோ அழுதபடி குழாயை இழுத்துக்கொண்டிருந்தான். அவர் மேலே வந்து அலையில் அடிபட்டு மறுபடி மூழ்கியிருக்கிறார். இரண்டு பேருமாகப் படகில் ஏற்றினோம். மூச்சு இல்லை. நாடி இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊதினேன். படகு சங்கத்தில் எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், பொம்மையை வைத்து. பொம்மை எதையும் கக்காது, இவருக்கு வாயெல்லாம் நுரையும் உப்பும். நெஞ்சு ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்து ஊதினேன். எதுவரை என்று எனக்குத் தெரியாது. தானாக இருமினார். அதற்குள் தாரியோ கூப்பிட்ட கடற்படைப் படகு வந்துவிட்டது.

அவரை ஏற்றினார்கள். ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். அதிகாரி குனிந்து என்னைக் கேட்டார்: "நீங்க அவர் மனைவியா?"

"இல்ல," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. ஒருவேளை மூன்று மாதமாக எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்த பழக்கமாக இருக்கலாம். தாரியோவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் துடுப்புப் போட்டு வீட்டுக்கு வந்து உடுப்பை மாற்றினேன். மறுநாள் மத்தியானம் வானொலியில் உன் செய்தி வந்தது.

இல்லை என்று சொன்ன வாயால் எப்படி இருக்கிறார் என்று எப்படிக் கேட்பேன்? மெஷினைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இருந்தது. குழாய் பிடித்தவள் நான். ஆகவே மெஷினைப் பற்றிக் கேட்டேன். நீ சொன்ன ஒவ்வொன்றையும் நிறையத் தடவை படித்தேன். உட்காரவைத்த கடிதம் வந்தபோது பதில் எழுதக் கை வரவில்லை, அதனால்தான் ஒரு மாதம் சும்மா இருந்தேன். உன்னிடம் முன்பே சொல்லியிருந்தால் நீ எலாதியோவை மட்டும் பார்க்காமல் என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாய். உன் கை முழுக்க அந்தக் குழாயிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இதற்கு நீ கோபப்படலாம். இனி அத்தை எதையும் கேட்க மாட்டார்.

தங்கை
சுனில்தா

*

புவெர்த்தோ மோன்த்
செப்டம்பர் 29, 2008

அன்புள்ள சுனில்தா,

சுதந்திரத் திருநாளுக்கு ஆஸ்பத்திரியில் எம்பனாதா கொடுத்தார்கள், வால்தெமார் எனக்குரியதையும் எடுத்துக்கொண்டான். அதைத் தவிர எல்லாம் சுகம்.

கோபம் இல்லை. உன் கடிதத்தை டாக்டர் உர்சூவாவிடம் படித்துக்காட்டவில்லை, யாருக்கும் காட்ட வேண்டாம் என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். ஆனால் ஒரு கேள்வி கேட்டேன்: தண்ணீரிலிருந்து எடுத்தவுடன் யாரும் மூச்சு கொடுக்காமல் இருந்திருந்தால்? "உன் மெஷினுக்கு வேலையே இருந்திருக்காது. நுரையீரலை நாம சரி பண்ணலாம், மூளையைப் பண்ண முடியாது," என்றார். நான்தான் இவனைக் காப்பாற்றினேன் என்று இத்தனை நாள் ரொம்பப் பெருமையோடு இருந்தேன். பாதிப் பெருமையை உனக்குத் தருகிறேன். பாதிதான்.

உன் கேள்விகளுக்குப் பதில். எலாதியோ மெஷினை விட்டுவிட்டான். கழுத்துக் குழாயையும் எடுத்தாயிற்று, துளை தானாக மூடிவருகிறது. குரல் கொஞ்சம் கரகரக்கும், நாளாக நாளாகச் சரியாகும். நுரையீரல் நடக்க, விறகு வெட்ட, ஆடு மேய்க்கப் போதும். கடலுக்கடியில் இறங்கப் போதாது. இதை நான்தான் சொன்னேன், படிக்கட்டு ஏறிப் பழகும்போது, நேராக. "எவ்ளோ நாளுக்கு?" என்றான். "எப்பவும்," என்றேன். அதற்குப் பிறகு நான்கு படி ஏறினான், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான், இன்னும் ஏறலாம் என்றான்.

மூச்சு கொடுத்தது யார் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. அதை நீ சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

அக்டோபர் நடுவில் வெளியே அனுப்புகிறார்கள். அவன் தல்காவே அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொல்கிறான். உன்னிடம் கேள் என்று அவன் சொல்லவில்லை. கேட்காதே என்றும் சொல்லவில்லை. நான் யாருக்காகவும் பேசவில்லை. எங்கே அனுப்ப என்று மட்டும் சொல். கடிதம் வந்து சேர நேரமில்லை, வானொலியில் சொல்.

அன்புடன்
அக்கா ஒத்திலியா

*

அப்பியாவோ
அக்டோபர் 20, 2008

அன்புள்ள அக்கா,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம்.

என் வானொலிச் செய்தி உனக்குக் கேட்டது, தெரியும். மற்ற எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. வானொலி நிலையத்துப் பெண் எழுதியதைத் திரும்பப் படித்துக்காட்டினாள்: "புவெர்த்தோ மோன்த் ஒத்திலியா பார்ரியாவுக்கு: சாமானை அப்பியாவோவுக்கே அனுப்பவும். சுனில்தா." அவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன்.

செவ்வாய்க்கிழமை விசைப்படகு வந்தது. இறங்குதுறையில் ஊரே நின்றது, மாவு வாங்க வந்தவர்கள் மாதிரி. படகுக்காரர் கயிற்றைப் போட்டுவிட்டு, வேண்டுமென்றே உரக்கக் கேட்டார்:

"எலாதியோ குவென்தேயோன்னு ஒரு சாமான் வந்திருக்கு. யாரு வாங்கிக்கறது?"

சிரித்தார்கள். நான் அத்தையைக் காட்டினேன்.

"அவங்க அம்மா வாங்கிக்குவாங்க."

அத்தை கையை முதுகில் வைத்துக்கொண்டார். "எனக்கு இடுப்பு வலி. கனமெல்லாம் இவதான் தூக்குவா."

அப்படியாக நான் போனேன். எலாதியோ ரொம்ப மெலிந்திருக்கிறான். சட்டை தோளில் நிற்கவில்லை. கழுத்தில் ஒரு சிவந்த குழி. பையை அவனே தூக்க வந்தான், நான் பிடுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு ஏறுகிற பாதை உனக்குத் தெரியும். நீ அவனிடம் எழுதிக் கொடுத்தனுப்பியபடி, மூச்சு வாங்கும் முன்பே நிற்கவைத்தேன். கையை விலாவில் வைத்து மெதுவாக இழுக்கச் சொன்னேன், உதட்டைக் குவித்து விடச் சொன்னேன். வாலெஞ்சுவேலா வீட்டுத் திருப்பத்தில் வேலியில் சாய்ந்தபடி அவன் கேட்டான்:

"தாரியோ ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப சொன்னான். நீ வந்து ஊதினியாம்."

"ஆமா."

"மனைவி இல்லைன்னும் சொன்னியாம்."

"ஆமா. அதுவும் சொன்னேன்."

"சரியாத்தான் சொல்லியிருக்கே. என் துணி சாக்குலதானே இருந்துச்சு."

"துணியெல்லாம் துவைச்சு வெச்சிருக்கேன்," என்றேன்.

அவன் உதட்டைக் குவித்து மூச்சை விட்டான், நீ கற்றுக்கொடுத்தது போலவே. நான் அவன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அது தானாகவே ஏறி இறங்கியது. பிறகு நடக்கலாம் என்றான். கேட்காமல் கையை என் தோளில் போட்டான். ஒரு பக்கம் பை, ஒரு பக்கம் அவன். அந்த ஏற்றத்துக்கு அது அதிக பாரம்தான். இறக்கிவைக்கத் தோன்றவில்லை.

உன் முதுகைப் பார்த்துக்கொள். கோடையில் லீவு கிடைத்தால் வா, ஆட்டுக்குட்டி ஒன்று உனக்கென்று வைத்திருக்கிறோம்.

அன்புள்ள தங்கை
சுனில்தா